கைப்பிடிக் கம்பியில் தெரிந்த நடை

நான்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ரோசேர் வெய்யூ தன் மேல்கோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார். கோட்டு எப்போதும் கதவுக்குப் பின்னால் அதே ஆணியில்தான் தொங்கும். ஆனாலும் தேடுவார். பழைய நெசவாலையைத்தான் முதியோர் இல்லமாக மாற்றியிருந்தார்கள். முப்பத்தொரு வருடம் எந்த மூன்றாம் மாடியில் தறிகளின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பழுது பார்த்தாரோ, அதே மூன்றாம் மாடியில் இப்போது அவருக்கு ஒரு கட்டிலும் ஜன்னலும் கொடுத்திருந்தார்கள். ஆலை தன் ஆட்களை அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

"தொப்பி போடுங்க ரோசேர்," என்றாள் டார்லீன். இல்லத்தில் அவரைக் கவனித்துக்கொள்கிறவள் அவள். "வெளியில காத்து அறுக்குது. காது உதிர்ந்து போச்சுன்னா உங்க பொண்டாட்டி பேசுறது எப்படிக் கேக்கும்?"

"கேக்காட்டா நல்லதுன்னு நாப்பது வருஷமா வேண்டிக்கிட்டிருக்கேன், நீ வேற."

இருவரும் மின்தூக்கியில் இறங்கி, ஆலை முற்றத்தைத் தாண்டி, ஆற்றங்கரைக்கு வருவார்கள். அங்கே பழைய நடைபாலத்தின் நுனியைத் தாங்கிய கருங்கல் மேடை, கரைத்தாங்கி, மட்டும் மிச்சமிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் டிசம்பர் வெள்ளத்தில் கென்னபெக் ஆறு பனிக்கட்டியும் மரத்தண்டுமாக வந்து, நூற்றிருபது வருடப் பாலத்தை ஒரு காலைப்பொழுதில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கரைத்தாங்கியில் ஒரு இரும்புத் தூணும், அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்கு நீண்டு அந்தரத்தில் முடிகிற கைப்பிடிக் கம்பியும் போகாமல் நின்றன. ரோசேர் கையுறையைக் கழற்றுவார். வெறும் கையை அந்தக் கம்பியில் வைப்பார். அப்படியே நிற்பார்.

ஓடில் அவரை அந்த நிலையில்தான் தினமும் பார்த்தாள். அவள் வீடு எதிர்க்கரையில், தேவாலயத் தெருவில் இருந்தது. பாலம் இருந்தபோது ஐந்து நிமிட நடை. இப்போது காரை எடுத்துக்கொண்டு பதினொரு மைல் சுற்றி, கீழே இருக்கிற சாலைப் பாலத்தைப் பிடித்து வர வேண்டும்.

"இன்ஷூரன்ஸ் மேடமா? வாங்க, வாங்க," என்றார் ரோசேர்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். பார்த்துட்டுப் போலாம்னு."

"நல்லது. ஆனா இப்ப என் பொண்டாட்டி வர்ற நேரம். பேப்பர் விஷயமெல்லாம் அவதான் பார்ப்பா. கையெழுத்துப் போடச் சொல்ற எடத்துல போடறதுதான் என் வேலை."

"எப்ப வருவாங்க?"

"பஸ் வந்திருக்கும். கம்பி இன்னும் ஒண்ணும் சொல்லல."

நாற்பத்துநான்கு வருடம் அவருக்கு வாழ்க்கைப்பட்டவள், இன்ஷூரன்ஸ் மேடமாக அவர் பக்கத்தில் நின்று, தான் வருவதற்காகத் தானே காத்திருந்தாள்.

அந்தக் கம்பி சங்கதி ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒன்பது வயதில் பனிச்சறுக்கு வண்டியோடு குப்புற விழுந்து ஓடிலின் இடது தொடை எலும்பு முறிந்தது. கூடியபோது அரை அங்குலம் குறைவாகக் கூடியது. அன்றிலிருந்து அவள் நடையில் ஒரு அடி கனம், ஒரு அடி லேசு. ஓரோனோவில் பொறியியல் படிக்கப் போன காலத்தில், வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து தேவாலயக் கரையில் இறங்கி, பாலத்தைக் கடந்து ஆலைப் பக்கம் வருவாள். அவள் அப்பா அப்போது ஆலை வாசலில் காவல் வேலை பார்த்தார். பழைய பாலம் வடத்தில் தொங்கிய பாலம். ஒரு பூனை நடந்தால்கூடப் பலகை நெளியும், கைப்பிடிக் கம்பி துடிக்கும். வேலை முடிந்து கம்பியில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தறிக்காரன், மூடுபனிக்குள்ளிருந்து வெளியே வந்தவளைப் பார்த்துச் சொன்னான்: "யாரோ நொண்டிக் குதிரை வருதுன்னு கம்பி சொல்லிச்சு. பார்த்தா, பொண்ணு."

ஒரு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. அந்த ஒரு மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவள் பாதிப் பாலம் வருவதற்குள், "மெதுவா வா, வழுக்கும்," என்று கத்துவான். பனி இல்லாத ஜூன் மாதத்திலும் கத்துவான். ஐந்தாவது வாரம் அவள் சிரித்துவிட்டாள். அதோடு கதை முடிந்தது.

பாலம் போன மறுவருடம் ஊராட்சி புதுப் பாலத்துக்கு வரைபடம் கேட்டபோது, ஓடிலுக்கு வயது அறுபத்தொன்பது. அகஸ்டாவில் டோனட் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து, எமெரி என்ற கூட்டாளியோடு இருபது வருடமாகப் பாலம் வரைந்துகொண்டிருந்தாள். ஓய்வு பெறுகிறேன் என்று மூன்று தடவை விருந்து வைத்திருக்கிறாள். மூன்று தடவையும் கேக்கைத் தின்றுவிட்டு எமெரி அவளை மறுநாள் காலை மேஜையில் பார்த்தான். இந்த வேலையை மட்டும் வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ரோசேர் அவள் முகத்தை மறந்துவிட்டார். பெயரை நினைவு வைத்திருந்தார், ஆனால் அந்தப் பெயரை அவள் மேல் பொருத்த அவருக்குத் தெரியவில்லை. முதல் வருடத்தில் "நான்தான் ஓடில்" என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் பயந்துபோய் டார்லீனைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. ஆனால் கையை மட்டும் தினமும் அந்தக் கம்பியில் வைக்கிறாரே, அந்தக் கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கும் என்று அவள் நம்பினாள். ஒரே ஒரு தடவை அவர் தன்னை அடையாளம் கண்டுகொண்டால் போதும். அதற்கு ஆடுகிற பாலம் வேண்டும்.

நல்லவேளையாக அந்த ஆற்றங்கரை ஆடுகிற பாலத்தைத்தான் கேட்டது. கீழே பனிக்கட்டி வெள்ளம் வந்து போகிற உயரம். அதைத் தொடக் கூடாது. மேலே ஆலை வாசற்படியும் தேவாலயத் தெருவும். சக்கர நாற்காலிகள் ஏற வேண்டும், அதனால் அதற்கு மேலே போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே பாலத்தின் முழுக் கனத்துக்கும் கிடைத்த இடம் பதினான்கு அங்குலம். நீளமோ இருநூற்றுப் பத்து அடி. ஆற்றின் நடுவில் தூண் நட்டால் பனிக்கட்டி அதைப் பிடுங்கும். மேலே வடத்தில் தொங்கவிடலாம் என்றால், தாங்கும் கம்பங்கள் ஆலைக் கூரையைவிட உயரக் கூடாது என்று வினிஃப்ரெட் ஸ்டோடார்ட் ஒற்றைக்காலில் நின்றார். பழைமைப் பாதுகாப்புக் குழுவின் தலைவி அவர். அந்தக் கரையின் செங்கற்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று ஊரில் கேலி உண்டு.

"புதுப் பாலம் கண்ணுலயே படக் கூடாது," என்றார் கூட்டத்தில். "ஆலையும் ஆறும் தேவாலயமும்தான் தெரியணும்."

"அதுக்குக் கட்டாமலே இருந்துடலாமே, செலவு மிச்சம்," என்று எமெரி ஓடிலின் காதில் முணுமுணுத்தான்.

ஓடில் அவன் காலை மிதித்துவிட்டு எழுந்து, "பதினாலு அங்குலத்துல கட்டித் தர்றேன்," என்றாள். வினிஃப்ரெட் முதல் முறையாகச் சிரித்தார்.

எட்டு மாதம் அந்தப் பாலத்தை வரைந்தாள். தட்டையான இரும்புப் பெட்டி, ஓரங்கள் படகின் விளிம்பு போலக் கூராக, இரண்டு மெல்லிய வடங்கள், ஆலைக் கூரைக்கு ஒரு கை கீழே நின்றுவிடுகிற நான்கு கம்பங்கள். கைப்பிடியில் மட்டும் அவள் யாருக்கும் காரணம் சொல்லாமல் ஒன்று செய்தாள். வழக்கமாகக் கைப்பிடியைப் பாலம் முடிகிற இடத்தில் துண்டித்து, கரையில் வேறாக ஆரம்பிப்பார்கள். இவள் மேல்கம்பியை ஒரே வடமாக இழுத்து, கரைத்தாங்கியின் கருங்கல்லில் பழைய கம்பி நின்ற அதே இடத்தில் கொண்டுவந்து முடித்தாள்.

"நடுவுல துண்டிக்காம விட்டா கரை வரைக்கும் அதிரும்," என்றான் எமெரி.

"அதிரட்டும்."

"பாலமே ஆடும், ஓடில். கணக்கு போட்டுப் பார்த்துட்டேன். பத்துப் பேர் சேர்ந்து நடந்தா காபி தளும்பும். ரெண்டு தணிப்பான் வெச்சாதான் சரிவரும்."

தணிப்பான் என்பது பாலத்தின் அடியில் ஒளித்து வைக்கிற பெட்டி. உள்ளே சுருள்வில்லின் மேல் அரை டன் இரும்பு உட்கார்ந்திருக்கும். பாலம் மேலே எழுந்தால் இரும்பு கீழே போகும், பாலம் கீழே போனால் இரும்பு மேலே வரும். இப்படியே ஆட்டத்தைத் தின்றுவிடும். தொழிலில் அது சாதாரண விஷயம். ஓடிலே தன் கையால் முப்பது நாற்பது வைத்திருக்கிறாள்.

"கூட்டம் இல்லாத பாலம். சட்டம் கொஞ்சம் ஆட்டத்தை அனுமதிக்குது," என்றாள்.

"அனுமதிக்குது. ஆனா நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதில்ல." எமெரி பென்சிலை மேஜையில் வைத்தான். "அவருக்காகத்தானே?"

ஓடில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் கொடுத்த தேதியை அவள் இரண்டாவது முறையாகத் தள்ளிப் போட்டதும் அந்த வாரம்தான். புது மூட்டு வைத்தால் நடை நேராகிவிடும் என்று மருத்துவர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அவருக்கு அது நல்ல செய்தியாகத் தெரிந்தது, பாவம்.

செப்டம்பரில் ஆலை முற்றத்தில் ஒரு மாதிரித் துண்டு வைத்தார்கள். முப்பதடிப் பலகை, புதுப் பாலம் எவ்வளவு ஆடுமோ அவ்வளவு மட்டும் ஆடும்படி வில்லில் ஏற்றியது. ஊர்க்காரர்கள் ஏறி நடந்து பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். வினிஃப்ரெட் ஏறி, "பழைய பாலம் மாதிரியே இருக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளைஞர்கள் வேண்டுமென்றே குதித்தார்கள். ஓடில் அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அதை ஒளிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு இல்லத்து ஆட்கள் வந்தார்கள். நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு அம்மாள் பலகையில் இரண்டடி வைத்ததும் பின்வாங்கிவிட்டாள். அடுத்தது ரோசேர். டார்லீன் முழங்கையைப் பிடித்திருந்தாள். நான்காவது அடியில் பலகை அவர் காலுக்குக் கீழே மெல்ல எழுந்து தாழ்ந்தது. அவ்வளவுதான். அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. இரண்டு கையாலும் காற்றைப் பிடித்தார், பிறகு டார்லீனின் கோட்டைப் பிடித்தார், பிறகு அப்படியே பலகையில் உட்கார்ந்து குழந்தை போல அழ ஆரம்பித்தார்.

"விழுது. எல்லாம் விழுது. அவ அந்தப் பக்கம் இருக்கா, எப்படி வருவா?"

"ஒண்ணும் விழல ரோசேர். என் கையைப் பாருங்க. ஒண்ணும் விழல."

ஓடில் ஓடினாள், நொண்டிக்கொண்டே ஓடினாள். பக்கத்தில் மண்டியிட்டாள். இன்ஷூரன்ஸ் மேடத்தை அவர் கண்டுகொள்ளவில்லை. அவரைத் தூக்கி நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அன்று மாலை காருக்குள் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரித்தாள். அந்தப் பாலம் எதற்கு என்று நேராகத் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆலையில் இருக்கிற அறுபது பேர் கரையைக் கடந்து தேவாலயத்துக்கும் கடைக்கும் போக. அவர்களில் ஒருவர் ரோசேர். ஒரு நாள் அவர் கையைப் பிடித்து நடத்தி, எதிர்க்கரையில் அவர்கள் வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், சனிக்கிழமை பீன்ஸ் வேகிற வாசனையில் உட்காரவைக்க வேண்டும். ஆடுகிற பாலத்தில் அவர் வரமாட்டார். ஆடாத பாலத்தில் கம்பி பேசாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

பென்சிலை எடுத்து, பாலத்தின் அடியில் கால் பங்கு நீளத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இரண்டு பெட்டிகளை வரைந்தாள். அவர் கைக்கு மிச்சமிருந்த ஒரே ஞாபகத்தைத் தன் பென்சிலாலேயே அழிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டேதான் வரைந்தாள். கோடு மட்டும் நேராக வந்தது.

பாலம் எழும்ப ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தில் ரோசேர் இளைத்தார். நான்கு மணிக்குக் கோட்டைத் தேடுவது மட்டும் நிற்கவில்லை. பழைய கம்பியை அறுத்துவிட்டுப் புதுக் கம்பியைக் கல்லில் பூட்டிய அன்று அவர் வந்து, இரண்டு நிமிடம் தடவிப் பார்த்து, "புதுசா போட்டிருக்காங்க. பரவால்ல," என்றார். இடுப்பு மருத்துவர் மூன்றாம் முறையாகத் தேதி கொடுத்தார். இப்போது தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. இருந்தும் ஓடில் தள்ளிப்போட்டாள்.

அக்டோபர் கடைசி வாரத்தில் சோதனை நாள் வந்தது. தணிப்பான்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ளே இருக்கிற இரும்பு அசையாமலிருக்கச் சிவப்புப் பூட்டு மாட்டி அனுப்புவார்கள். பூட்டு இருக்கிற வரை அவை வெறும் சுமை. பாலத்தை முதலில் அப்படியே, பூட்டோடு ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பூட்டைக் கழற்றி மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் அளந்த எண்கள் இரண்டும் இருந்தால்தான் திறப்பு விழாவுக்கு அனுமதி. தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஓடிலும் அறிவாள். ஆனால் அந்தச் சிவப்புப் பூட்டு பாலத்தின் அடியில் மாட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், அவளுக்கு அது உறைத்தது. பாலத்தின் வாழ்நாளில் அது ஆடப் போகிற ஒரே நாள் அது.

டார்லீனுக்குப் போன் செய்தாள். "இன்னிக்கு அவரை நாலு மணிக்குக் கண்டிப்பாக் கூட்டிட்டு வா. பாலத்து மேல ஏத்தாத. கல்லுலயே நிக்கட்டும்."

"நான் கூட்டிட்டு வரலேன்னாலும் அவரு என்னைக் கூட்டிட்டு வந்துடுவாரு," என்றாள் டார்லீன்.

காலையிலிருந்து தீயணைப்புத் தொண்டர்கள் பன்னிரண்டு பேர், எமெரி வைத்திருந்த தாளக்கருவியின் சத்தத்துக்குக் கால் வைத்து நடந்தார்கள். பாலம் முதுகை நெளித்தது. எமெரி தரையில் வைத்திருந்த காபி தளும்பியது. வேடிக்கை பார்க்க வந்த வினிஃப்ரெட் நடுப் பாலத்தில் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஓடில், இது ரொம்ப ஆடுதே."

"பூட்டை எடுத்தா அடங்கிடும். இன்னிக்கு மட்டும்தான்."

"பழைய பாலம்கூட இவ்வளவு ஆடாது."

"அது இதைவிட ஆடும் வினிஃப்ரெட். அப்ப உங்களுக்கு வயசு இருபது, அதான் தெரியல."

மூன்றே முக்காலுக்குத் தொண்டர்களை அனுப்பிவிட்டு எமெரி பட்டியலைப் பார்த்தான். "ஒத்தை ஆள் நடை ஒண்ணு பாக்கி. அதை முடிச்சுட்டா பூட்டைக் கழட்டலாம். நானே நடக்கவா?"

"நான் நடக்கறேன்."

"நூத்தி எண்பது பவுண்டு ஆள் வேணும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"கோட்டுப் பையில கல்லு போட்டுக்கறேன்."

எமெரி அவள் முகத்தைப் பார்த்தான். எதிரே ஆலைக் கரையைப் பார்த்தான். அங்கே கருங்கல்லின் மேல், தொப்பி போட்ட ஒரு ஒல்லியான உருவமும் நீலச் சட்டைக்காரி ஒருத்தியும் நின்றிருந்தார்கள். அவன் திருகுசாவியை எடுத்துக்கொண்டு பாலத்தின் அடியில் இருந்த தொங்கு மேடைக்கு இறங்கிவிட்டான்.

ஓடில் தேவாலயக் கரையில், பஸ் நின்ற இடத்துப் பக்கம் போய் நின்றாள். கோட்டுப் பொத்தானைப் போட்டாள். தலைமுடியை ஒதுக்கினாள், எதற்கென்று தெரியாமல். பிறகு நடந்தாள். கனமாக ஒரு அடி, லேசாக ஒரு அடி. கனமாக ஒன்று, லேசாக ஒன்று. ஐம்பது வருடம் மறைக்கப் பார்த்த நடையை இன்று அவள் மறைக்கவில்லை. காலுக்குக் கீழே பாலம் ஒவ்வொரு அடியையும் வாங்கி முன்னால் அனுப்பியது. கைப்பிடி வடம் அவள் பக்கத்தில் முனகியது.

மூன்றில் ஒரு பங்கு வந்தபோது அவர் முதுகு நிமிர்வதைப் பார்த்தாள். பாதி வந்தபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்தார். காற்று இந்தப் பக்கமாக அடித்தது. குரல் கேட்டது.

"டார்லீன், வர்றா. கம்பியைத் தொட்டுப் பாரு. தொடு. என் நொண்டிக் குதிரை வருது."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே ரோசேர்."

"உனக்கு எப்படித் தெரியும்? உனக்கா பொண்டாட்டி?" அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஓடில் நான்கு வருடமாகக் கேட்கவில்லை. "பஸ் லேட்டு போல. இருக்கட்டும். வந்துட்டா."

அவளை அவர் கண்டுபிடித்துவிட்டார். இந்த உலகத்தில் அவள் கேட்டது அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. கண்ணீரில் கைப்பிடி மங்கியது, இடுப்பு வலித்தது, ஒன்றையும் பார்க்காமல் வேகமாக நடந்தாள். கடைசி இருபதடியைக் கிட்டத்தட்ட ஓடியே கடந்தாள். கருங்கல்லில் கால் வைத்தாள். அவருக்கு நேர் எதிரே நின்றாள். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"இன்ஷூரன்ஸ் மேடமா," என்றார் அவர் மரியாதையாக. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

அவள் தோளுக்கு மேலாக, ஆளில்லாத பாலத்தைப் பார்த்தார். கை கம்பியின் மேலேயே இருந்தது. கம்பி அடங்கிக்கொண்டே வந்து, நின்றது. சிரிப்பும் மெல்லக் குறைந்தது.

"நின்னுட்டா," என்றார். "ஏன் நின்னா?"

"ரோசேர், நான்தான். நான் வந்துட்டேன்."

அவர் இந்த முறை பயப்படவில்லை. மற்றக் கையால் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீங்க நல்லவங்க மேடம். ஆனா அவ நடை எனக்குத் தெரியும்."

ஓடில் அங்கேயே நின்றாள். இடுப்பில் செருகியிருந்த வாக்கி-டாக்கியில் எமெரியின் குரல் கரகரத்தது. "அளவு நல்லா வந்திருக்கு. பூட்டைக் கழட்டிடவா? இன்னும் ஒரு மணி நேரம்தான் வெளிச்சம் இருக்கும்."

"இரு," என்றாள். "இன்னொரு தடவை நடக்கணும்."

"எதுக்கு? கணக்குக்கு ஒரு தடவை போதுமே."

"கணக்குக்கு இல்ல, எமெரி."

"எத்தனை தடவை வேணும்னாலும் நடங்க," என்றான்.

திரும்பிப் பார்த்தாள். கார் எதிர்க்கரையில் நின்றது. அங்கே போகப் பாலம் ஒன்றுதான் வழி. போகிற நடையும் அவர் கைக்குத் தெரியும். பாதி வந்து நின்றவள் திரும்பிப் போகிறாள் என்று கம்பி சொல்லிவிடும். ஓடில் கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். இரண்டு பூட்ஸையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அக்டோபர் குளிரில் காலுறையோடு, வடம் தாங்குகிற ஓரமாகவே கால்விரல்களை ஊன்றி, நொண்டலை முழுக்க இடுப்பிலேயே வாங்கிக்கொண்டு, இருநூற்றுப் பத்தடியையும் திருடி மாதிரி கடந்தாள். பாலத்தின் அடியில் எமெரி தன் தலைக்கு மேலே அவள் போவதைப் பார்த்துவிட்டு முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தேவாலயக் கரையில் பூட்ஸை மாட்டி, கயிறு கட்டினாள். நாளைக்கு இந்தப் பாலம் கல் மாதிரி நிற்கும். சனிக்கிழமை திறப்பு விழா. நடைச்சட்டங்களும் சக்கர நாற்காலிகளும் பயமில்லாமல் கடக்கும். ரோசேரும் வருவார், இன்ஷூரன்ஸ் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டே. அவள் அவரைச் சமையலறையில் உட்காரவைப்பாள். அது அவள் கட்டியது. அதில் அவளுக்கு வருத்தமில்லை.

ஆனால் அது சனிக்கிழமை. இன்னும் வெளிச்சம் இருந்தது. ஓடில் எழுந்து கனமான காலை முதலில் வைத்தாள். இந்தத் தடவை ஓடவில்லை. எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தாள். போய்ச் சேர்வதில் அவளுக்கு இனி ஒன்றுமில்லை. வந்துகொண்டிருக்கிற வரைக்கும்தான் அவள் அவருடைய ஓடில்.

பாதி தூரத்தில் காற்று அவர் குரலைக் கொண்டுவந்து கொடுத்தது.

"மெதுவா வாடி. வழுக்கும்."